ரப்பர் தோட்டத்து வில்லிஸ் ஜீப்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

முடோன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தை ஒட்டிய தோட்டத்தில், ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் கிடக்கிறது. நான்கு சக்கரமும் பாதிக்குமேல் மண்ணுக்குள். டிரைவர் பக்கத் தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு செடி வளர்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றியிருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே கோழி அடைகாக்கிறது. அது என்னை முறைத்ததும் மூடிவிட்டேன்.

சொந்தக்காரர் பெரியவர், எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். "இரும்புக்கடைக்காரன் ஒரு விலை கேட்டுட்டுப் போயிருக்கான். அதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் கொடு, எடுத்துட்டுப் போ" என்கிறார். எனக்கு மழைக்காலத்தில் மேட்டுப் பகுதியிலிருந்து ரப்பர் பால் இறக்க ஒரு வண்டி வேண்டும். அந்தச் செம்மண் ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஏறாது, சின்ன லாரி இறங்கினால் திரும்பி வராது.

ஒரே பயம் இன்ஜின். ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. பிடித்துக்கொண்ட இன்ஜினோடு வண்டி வாங்குவது புத்திசாலித்தனமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெகு ரைஸ்மில்

விட்டுவிடு தம்பி. நீ இருப்பது மோல்மீன் பக்கம், அங்கே வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. பத்து வருடம் வெளியே கிடந்த தகரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? செலவு செய்துகொண்டே இருப்பாய், வண்டி நின்றுகொண்டே இருக்கும். அந்தக் காசுக்கு ஒரு சீன டிராக்டர் வாங்கினால் பால் இறக்கலாம், வயலும் உழலாம்.

தட்டோன் மாமா

இன்ஜினைப் பற்றி எல்லாம் அப்புறம் பேசலாம். ஓனர் புக், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகம், இருக்கிறதா? அதைச் சொல்லு முதலில்.

நம் பர்மாவில் பழைய வண்டி வாங்குகிறவன் வாங்குவது இரும்பை இல்லை, காகிதத்தை. புக் இல்லாத ஜீப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வித்தவுட் வண்டிதான், பதிவில்லாத வண்டி. புக் இருந்தாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். புக்கில் பெயர் இருக்கும் ஆள் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போட வருவாரா என்பது ஒன்று. சேசிஸ் நம்பர் புக்கில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்பது இரண்டு. இன்ஜின் நம்பரும் அப்படியே சேர வேண்டும், அது மூன்று. இவை மூன்றும் சரியாக இருந்தால் கோழியோடு சேர்த்து வாங்கு.

2011 செப்டம்பரில் 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதிக்கு அனுமதி என்று அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது புக் சுத்தமாக இருந்த ஜீப்பெல்லாம் வரிசையில் போய் நின்று நசுங்கியது. ஓடுகிற வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். அதனால்தான் இன்று புக்கோடு மிஞ்சியிருக்கும் வில்லிஸுக்கு இந்த மதிப்பு. எனக்கு அந்தக் காட்சியை நினைத்தால் இன்னும் வயிறு எரியும், அது வேறு கதை.

பெகு ரைஸ்மில்

மாமா, அவன் தோட்டத்துக்குள்ளே ஓட்டத்தானே கேட்கிறான்? அதற்கு எதற்கு புக்கு?

தட்டோன் மாமா

பெட்ரோல் பங்கு தோட்டத்துக்குள்ளேயா இருக்கிறது? பால் விற்கிற இடம்? இன்றைக்குத் தோட்டம் என்பான், வண்டி ஓட ஆரம்பித்ததும் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மோல்மீன் போகலாம் என்று தோன்றும். வழியில் மறித்தால் வண்டியும் போச்சு, போட்ட காசும் போச்சு.

முடோன்காரன்

மாமா சொன்னபடி பெரியவரிடம் போய்க் கேட்டேன். புக் இருக்கிறது, அவர் பெயரிலேயே இருக்கிறது. பீரோவில் துணிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். கறுப்பு நம்பர் பலகையும் இருக்கிறது, வண்டியில் இல்லை, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

சேசிஸ் நம்பர்தான் தெரியவில்லை. எங்கே தேடுவது?

மாண்டலே கலா

பானெட்டைத் திறந்து இடது பக்கச் சேசிஸ் தண்டின் மேல்புறம், முன்பக்க இன்ஜின் மவுன்ட்டுக்குச் சற்று முன்னால் பாருங்கள். ஃபோர்டு தயாரித்த ஜி.பி.டபிள்யூ. என்றால் அங்கே இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். வில்லிஸ் கம்பெனி செய்த எம்.பி. என்றால் அங்கே இருக்காது. முன் பம்பருக்குப் பின்னால், இடது தண்டின் உள்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு ஆணியடித்து வைத்திருக்கும். அந்தத் தகடு விழுந்துபோயிருந்தால் தலைவலிதான்.

இரண்டில் எது என்று நம்பர் தெரியாமலே சொல்லிவிடலாம். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே போகிற சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பெட்டி மாதிரி தட்டையாக இருந்தால் ஃபோர்டு. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. நம் ஊரில் எல்லாவற்றையும் வில்லிஸ் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

முக்கியம்: நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். எங்கள் அப்பா பட்டறைக்கு ஒருவர் கிரைண்டர் போட்டு நம்பரையே பாதி தின்ன வண்டியைக் கொண்டுவந்தார். அவர் குற்றமில்லாதவர் என்று நிரூபிக்க அவர் பட்ட பாடு சொல்லி முடியாது.

முடோன்காரன்

கலா அக்கா, நன்றி. குறுக்குச் சட்டம் தட்டைதான். நேற்று சாயங்காலம் மண்ணெண்ணெய் துணியை மூடி வைத்துவிட்டு வந்தேன். காலையில் பிரஷ் போட்டதும் முதலில் ஒரு கோடு, பிறகு ஜி, பி, அப்புறம் டபிள்யூ என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசி எண்ணில் மட்டும் துரு அரித்திருந்தது, 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துச் சாய்வாக டார்ச் அடித்தேன், 8. புக்கிலும் 8.

இன்ஜின் நம்பர் எம்.பி. என்று ஆரம்பிக்கிறது. சேசிஸ் ஃபோர்டு, இன்ஜின் வில்லிஸ். இது பிரச்சினையா?

தட்டோன் மாமா

புக்கில் என்ன இருக்கிறது?

முடோன்காரன்

புக்கிலும் அதே எம்.பி. நம்பர்தான் மாமா.

தட்டோன் மாமா

அப்புறம் என்ன? ராணுவ ஒர்க்‌ஷாப்பிலேயே ஒன்றின் இன்ஜினைக் கழற்றி இன்னொன்றில் போட்டிருப்பார்கள். யுத்தத்தில் யார் நம்பர் பார்த்தார்கள்? யுத்தத்தில் இந்தியாவிலிருந்து போட்ட லெடோ சாலை வழியாக வந்தது, 1945-இல் இங்கே விட்டுவிட்டுப் போனது என்று ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கதை சொல்வான் தரகன். கதைக்குக் காசு கொடுக்காதே. நம்பர் சேர்ந்துவிட்டது, பேசி முடி.

டவுன்ஜி டிரைவர்

வாங்குங்கள் தம்பி, ஆனால் அந்தப் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இங்கே மலையில் பழைய ஜீப்பில் பாதிக்கு மேல் டொயோட்டா டீசல்தான் ஓடுகிறது. வில்லிஸ் இன்ஜின் லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். டீசல் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். அறுபது குதிரைச் சக்தியை வைத்துக்கொண்டு பால் டிரம்மோடு ஏற்றம் ஏறுவது எப்படி?

ஆறு வோல்ட்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு நல்ல ஜீப் கிடைத்தால் உடனே டீசல். அப்புறம் டொயோட்டா ஸ்டியரிங், அப்புறம் சுசுகி சீட், அப்புறம் மேலே ஒரு ஏ.சி. கடைசியில் கிரில் மட்டும்தான் ஜீப்.

அந்த இன்ஜினுக்குப் பெயரே கோ டெவில். 2.2 லிட்டர், சைடு வால்வு, கம்ப்ரெஷன் 6.5-க்குக் கொஞ்சம் கீழே. தெருவோரம் பாட்டிலில் விற்கிற பெட்ரோலைக்கூடக் குறை சொல்லாமல் குடிக்கும். இன்றைய இன்ஜின் எதற்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

டவுன்ஜி டிரைவர்

அண்ணே, பொறுமை பெட்ரோல் காசு கட்டுமா?

மாண்டலே கலா

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். டீசல் மாற்றுவதில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88. ஆறு இன்ச் அகலம், 16 இன்ச் ரிம் டயரோடு டாப் கியரில் இன்ஜின் 3,000 சுற்று சுற்றினால் வேகம் 80 கிலோமீட்டர் சொச்சம்தான். டீசலுக்கு அது வசதியான சுற்று இல்லை, கத்திக்கொண்டே போகும். அதோடு டீசல் கனம் அதிகம், முன் ஸ்பிரிங் உட்காரும். பழைய டி-84 கியர்பாக்ஸ் டீசலின் இழுவைக்குச் செய்ததும் இல்லை. ஆக, இன்ஜின் மாற்றினால் கியர்பாக்ஸ், பிறகு புரொப்பல்லர் தண்டு, பிறகு ஆக்சில் என்று வரிசையாக வரும். டவுன்ஜி அண்ணன் சொல்கிற வண்டிகளில் இதையெல்லாம் செய்திருப்பார்கள், அதனால் ஓடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், மாமா முதலிலேயே சொன்னதுதான். புக்கில் இருப்பது எம்.பி. நம்பர். அந்த நம்பர் குத்தியிருக்கும் இன்ஜின் பிளாக்கை எடுத்துவிட்டால் புக்கைத் திருத்த அலைய வேண்டும். இத்தனை வருடம் துணிக்கு அடியில் பத்திரமாக இருந்த காகிதத்தை எதற்குக் கலைக்க வேண்டும்? என்னைக் கேட்டால், எந்த இன்ஜின் என்பதை புக் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

டவுன்ஜி டிரைவர்

நம்பர் விஷயம் யோசிக்கவில்லை. அப்படியென்றால் சரி, பெட்ரோலே இருக்கட்டும். ஆனால் ஏற்றத்தில் என்னை நினைத்துக்கொள்வீர்கள் தம்பி.

தட்டோன் மாமா

ஏற்றத்தில் எதற்கு? லோ கியர் என்று ஒன்று போட்டிருக்கிறானே கீழே. முதல் கியரில், லோவில் போட்டு விட்டால் நடந்து போகிற வேகத்தில் சுவரையும் ஏறும்.

முடோன்காரன்

முடித்துவிட்டேன். பெரியவர் கோழியைத் தரவில்லை, முட்டையை மட்டும் தந்தார்.

இழுத்து வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கிவிட்டோம். பெகு அண்ணன் பயமுறுத்தியதைவிட மோசமாக இருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் குழியில் அடிப்பாகமே இல்லை. பின்சக்கர மேட்டுக்குள் இருக்கும் டூல் பெட்டி இரண்டும் கையோடு வந்துவிட்டது. ஆனால் தரை மேலே பார்க்க ஓரளவு நன்றாக இருக்கிறது, தட்டினால் சத்தம் மட்டும் மந்தமாக வருகிறது. பெயின்ட் கடைக்காரர் மேலே பட்டி பார்த்து அடித்துவிடலாம் என்கிறார்.

ஆறு வோல்ட்டு

பட்டி வேண்டாம்! தரைக்கு அடியில் கவிழ்த்த தொப்பி வடிவத்தில் நீளமான சட்டங்கள் இருக்கிறதா? அதற்குள்ளே கம்பெனியிலேயே மரக்கட்டை வைத்து மூடியிருப்பான். அந்த மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே இருக்கிற தகடு உள்ளேயிருந்து அழுகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்.

முடோன்காரன்

குத்தினேன் அண்ணே. பிடி வரை உள்ளே போய்விட்டது. சட்டத்தை வெட்டித் திறந்தால் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, காப்பித்தூள் வண்டல் மாதிரி கறுப்பாக வழிந்தது, உள்ளே எறும்புப் புற்று. எண்பது வருடத்து மழை அத்தனையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

தரை முழுவதையும் மாற்றுவது என்று முடிவு. மோல்மீனில் ஒரு டிங்கரிங் சயா (மேஸ்திரி) 1.5 மில்லிமீட்டர் தகட்டில் மடித்துத் தருகிறேன் என்றார். சட்டத்துக்குள் மரம் வைக்க வேண்டுமா?

மாண்டலே கலா

வைக்காதீர்கள். சட்டத்தைக் கொஞ்சம் தடித்த தகட்டில் செய்து, இரண்டு நுனியிலும் தண்ணீர் வடியத் துளை விடுங்கள். உள்ளே துருத்தடுப்பு பெயின்ட் அடித்துவிட்டுத்தான் வெல்டு. டேங்க் குழிக்கு அடியிலும் வடிகால் துளை இருக்கும், புதுத் தகடு போடுகிறவர்கள் அதை மறந்து அடைத்துவிடுவார்கள். சயா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் எப்படி இருக்கிறது? ஓட்டை என்றால் எவனாவது வெல்டு வைத்துத் தருகிறேன் என்பான், வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். புதிதாகச் செய்துகொள்வது நல்லது.

பாடி போனால் போகட்டும், அது தகரம். சேசிஸைப் பார்த்தீர்களா? முன்னும் பின்னும் ஸ்பிரிங் மாட்டுகிற ஆணி நான்கிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தால் இரண்டு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் எப்போதோ எங்கேயோ மோதியிருக்கிறது.

முடோன்காரன்

அளந்தேன் அக்கா. நான்கு மில்லிமீட்டர். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் பழைய வெல்டு ஒன்று விரிந்திருக்கிறது. பின்னால் எதையோ கட்டி இழுத்திருக்கிறார்கள். கிரீஸைச் சுரண்டும்போது ஒவ்வொரு போல்ட்டு தலையிலும் சின்னதாக ஃபோர்டின் எஃப் எழுத்து! தம்பி பையன் அதைத் தேடித் தேடி எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பெகு ரைஸ்மில்

சரி, நான் டிராக்டர் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். இன்ஜின் என்ன ஆயிற்று?

முடோன்காரன்

ஹெட்டைக் கழற்றியாயிற்று. மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர் நின்றிருக்கிறது, சுவரில் வளையமாகத் துரு. மற்ற மூன்றும் பார்க்க மோசமில்லை. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன். ஹேண்டிலில் குழாய் மாட்டி நெம்பிப் பார்க்கலாமா?

மாண்டலே கலா

நெம்பக் கூடாது! அப்பாவைக் கேட்டேன், அப்படியே எழுதுகிறேன்: "அவசரப்படுறவன் கனெக்டிங் ராடை வளைப்பான்." ஊறட்டும். தினமும் ஊற்றியதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கீழே ஆயில் பேனைக் கழற்றி, மூன்றாவது ராடின் மூடியை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்போது கிராங்க் தனியாகச் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். சுற்றினால் குற்றவாளி அந்த ஒரு பிஸ்டன்தான். கடினமரக் கட்டை வைத்து மேலிருந்து மெதுவாகத் தட்டி, கொஞ்சம் அசைந்ததும் நிறுத்தி, மறுபடி ஊற்றி, மறுபடி தட்ட வேண்டும். அந்த பிஸ்டன் உடைந்தாலும் பரவாயில்லை. பிளாக் உடையக் கூடாது, அதில்தான் நம்பர் இருக்கிறது.

இன்னொன்று. சைடு வால்வு இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடத்தில்தான் வெடிப்பு விடும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். வெடிப்பு இருந்தால் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

முடோன்காரன்

வந்துவிட்டது! கோடு எதுவும் தெரியவில்லை அக்கா, வெடிப்பு இல்லை. ஆனால் மூன்றாவது எக்ஸாஸ்ட் சீட் குழி குழியாகத் தின்றிருக்கிறது. லேத் பட்டறையில் 40 தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் 40 பங்கு) ரீபோர் போட்டுச் சிலிண்டரைக் குடைந்தால் துரு வளையம் போய்விடும், சீட்டுக்குத் தனி வளையம் இறக்கித் தருகிறேன் என்கிறார். பிஸ்டனுக்கு எங்கே போவது? ரங்கூனில் விசாரித்தேன், சொன்ன விலைக்கு ஜீப்பையே இன்னொரு முறை வாங்கலாம்.

புதுப்பேட்டைவாசி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது என் முறை வந்துவிட்டது.

மகிந்திரா 1947-லிருந்து இங்கே வில்லிஸ் ஜீப் பூட்டினார்கள். பிறகு வந்த சி.ஜே. 3பி மாடல் ஜீப்பின் ஹரிக்கேன் இன்ஜின் உங்கள் இன்ஜினின் தம்பிதான். சிலிண்டர் விட்டம் (போர்) 3.125 இன்ச், பிஸ்டன் ஓடும் நீளம் (ஸ்ட்ரோக்) 4.375 இன்ச், இரண்டும் ஒன்றே. அதனால் கீழ்ப்பாதியில் நிறையப் பொருந்தும்: ரிங், ராடு பேரிங், மெயின் பேரிங், வாட்டர் பம்ப். பிஸ்டனுக்கு மட்டும், அதை ராடோடு மாட்டுகிற கட்ஜன் பின்னின் உயரத்தை அளந்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு வாங்கலாம். ஹெட் கேஸ்கட் சேராது, ஏனென்றால் ஹரிக்கேனில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, உங்களுடையதில் இரண்டும் பிளாக்கில். அதை மட்டும் தனியாகத் தேட வேண்டும்.

புதுப்பேட்டையில் இன்னும் ஜீப் சாமான் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வருவார், பழைய அச்சடித்த அட்டைப் பெட்டியோடு. விலை கேட்டதும் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான் விதி. யாராவது ஊருக்கு வந்து போகிறவர்கள் இருந்தால் கொடுத்துவிடலாம்.

முடோன்காரன்

அண்ணே, நீங்கள் தெய்வம். சித்தப்பா பழனிக்கு வருகிறார், திரும்பும்போது சென்னை வழியாகத்தான். அளவை எடுத்து அனுப்புகிறேன். ஸ்டார்ட்டரும் மகிந்திராவின் 12 வோல்ட்டு கிடைக்குமா?

ஆறு வோல்ட்டு

ஸ்டார்ட்டர் வேண்டாம். போர்க்கால ஜீப்பில், ஸ்டார்ட்டர் கடித்துச் சுற்றுகிற ரிங் கியரில் 97 பல், பெரிய பல். பின்னால் வந்தவற்றில் பல்லின் எண்ணிக்கை அதிகம், சன்னமாக இருக்கும். கடித்துக்கொள்ளாது, இரண்டையும் கெடுக்கும்.

என் பெயரைப் பார்த்துவிட்டு நான் 12 வோல்ட்டுக்கு எதிரி என்று நினைக்கலாம். ஆனால் நல்ல ஆறு வோல்ட்டு பேட்டரிக்கு நீ ஊரெல்லாம் அலைய வேண்டும். 12-க்கு மாறு. பழைய ஸ்டார்ட்டரையே 12-இல் ஓட்டலாம், சட்டென்று அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் சுருள் கருகும். காயில், பல்பு, டைனமோ இவை மாற வேண்டும். பேட்டரி ஒயர் தடித்ததாகவே இருக்கட்டும், ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு எர்த் ஒயர்தான் காரணம்.

டவுன்ஜி டிரைவர்

ஆறு வோல்ட்டு அண்ணனே 12 என்று சொல்லிவிட்டாரே! மழை வரும்.

தட்டோன் மாமா

பிரேக்கைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், ஒன்றையும் பழையதை வைத்துச் சமாளிக்காதே. ஹேண்ட் பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால் தண்டில் பிடிக்கும், அதில் ஆயில் ஒழுகினால் பிடிக்காது. ஏற்றத்தில் நிறுத்தும்போது கல் வைக்கிற பழக்கத்தை விடாதே.

முடோன்காரன்

நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். சித்தப்பா பழனிப் பஞ்சாமிர்தத்தோடு பிஸ்டன் பெட்டியும் கொண்டுவந்தார், பஞ்சாமிர்தம்தான் உடைந்திருந்தது.

நேற்று ஓடியது. முதல் சுற்றிலேயே இல்லை, கார்புரேட்டரில் ஊசி ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வழிந்தது. அதைச் சரிசெய்த பிறகு, அப்பா ஹேண்டில் போட்டார். பாதிச் சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆயில் பிரஷர் சூடான பிறகும் ஓட்டத்தில் 35, நின்றால் 12. பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மேட்டுத் தோட்டம் வரை போய் வந்தோம். அவர் வழியெல்லாம் "கிளட்சில் காலை வைக்காதே" என்று திட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு வேடிக்கை கவனித்தேன். ஊரில் எல்லாருடைய ஜப்பான் காரிலும் ஸ்டியரிங் வலது பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரை எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். 1970-இல் சாலையை வலது பக்கத்துக்கு மாற்றியதிலிருந்து, இந்தக் கிழட்டு ஜீப்புக்குத்தான் ஸ்டியரிங் சரியான பக்கம் இருக்கிறது.

இரண்டு குறை. 50-ஐத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது, பிரேக் அடித்து நிறுத்தினால்தான் அடங்குகிறது. இரண்டாவது, இறக்கத்தில் காலை எடுத்தால் செகண்ட் கியர் தானாகக் கழன்றுகொள்கிறது.

மாண்டலே கலா

ஆட்டத்துக்கு டயர் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று காசைக் கொட்டாதீர்கள். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங்கில் இறுக்கம் போயிருக்கும். முன் ஆக்சில் உருண்டையின் மேலும் கீழும் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கின்றன. டை ராடைக் கழற்றிவிட்டு, ஆயில் சீலையும் விலக்கிவிட்டு, ஸ்டியரிங் கையின் நுனியில் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். 2-லிருந்து 3 கிலோவுக்குள் இழுவை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாமல் தொளதொளவென்று வந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும், மேலும் கீழும் சமமாக. டை ராடு முனைகளும் ஆடினால் அதையும் மாற்றுங்கள். அது வரை 40-க்கு மேல் போக வேண்டாம்.

புதுப்பேட்டைவாசி

செகண்ட் கியர் கழல்வது டி-84-க்குப் பிறவிக் குணம். மகிந்திராவின் டி-90 பாக்ஸ் அதைவிடக் கெட்டி, சின்னச் சின்ன வேலையோடு உட்காரும். அனுப்பட்டுமா? கனம்தான் பிரச்சினை, சித்தப்பா தூக்க மாட்டார்.

தட்டோன் மாமா

அதெல்லாம் வேண்டாம். என் கொட்டகையில் ஒரு டி-84 கிடக்கிறது, 2011-இல் ஒருத்தன் வண்டியை ஒப்படைக்கப் போகும் முன் நான் கழற்றி வைத்தது. செகண்ட் கியரும் சிங்க்ரோவும் நன்றாக இருந்தது. உன்னுடையதையும் இதையும் பிரித்து ஒன்றாக்கிக்கொள்.

முடோன்காரன்

மாமா, எவ்வளவு என்று சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

தட்டோன் மாமா

காசு அப்புறம். நாளைக்குக் காலை மோல்மீன் பஸ் கேட்டில் (பஸ் கம்பெனி ஆபீஸில்) போட்டுவிடுகிறேன். ஆயிலை வடித்துத்தான் அனுப்புவேன், ஒழுகினால் கேட்டுக்காரன் ஏற்ற மாட்டான். சாக்கில் கட்டி உன் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். இரண்டு பேராகப் போ, தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே. மேல் மூடிக்கு பேக்கிங் இல்லை, நீயே வெட்டிக்கொள்.